தூரத்து லென்ஸ்

"எதைப் படம் எடுப்பீகன்னு சொன்னாத்தான் சார் லென்ஸு சொல்ல முடியும்" என்றான் கதிரவன். சாத்தூரில் கேமராக் கடை வைத்திருந்தான். கல்யாணத்துக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று என்று ஆளைப் பார்த்தே எடுத்து வைக்கிறவன். கழுத்தில் கேமராவோடு வந்த இந்த மனிதர் மட்டும் பிடிபடவில்லை.

"பட்டாசு கம்பெனிதான். நான் ரோட்டுலயே நின்னுக்கிடுவேன். படம் மட்டும் உள்ள போயி எடுத்த மாதிரி இருக்கணும்."

கதிரவன் குரலைத் தாழ்த்தினான். "பத்திரிகையா சார்?"

அவர் சிரித்தார்.

இருப்பதிலேயே நீளமான லென்ஸை எடுத்து அவர் முன்னால் வைத்தான். "தாயில்பட்டி கம்பெனிக்கும் போங்க சார். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமுல பத்துப் பேரை அடைச்சு வச்சிருக்காக. எம்பொண்டாட்டியும் அதுலதான் மருந்து அடைக்கா. படத்தைப் பாத்தாவது எவனாச்சும் கேக்கட்டும்."

"அங்கதான் போறேன். ஆனா பத்திரிகை இல்ல தம்பி. நான் சேஃப்டி இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு ரூமையும் நேர்ல பாத்தோம்னு மேல படம் அனுப்பணும்."

"நேர்லயே போயிப் பாக்கலாமே சார்?"

"பத்துப் பேருன்னு நீயே சொல்லுத. வெடிச்சுட்டா? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா."

கதிரவன் நீள லென்ஸைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான். அலமாரியிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்து, அவருடைய கேமராவில் தானே மாட்டிக் கொடுத்தான்.

"உங்க வேலைக்கு இதுதான் சார் பொருத்தம். எம்பொண்டாட்டி பக்கத்துல போயி உக்காந்தாத்தான் படம் விழும்."