கொடிக்கு ஒரு மீன்

"அந்தக் கொடியை யாரு ஏத்துனது?"

மீன்வள அதிகாரி கார்வர் மேடம் படகுத்துறையின் நுனியில் நின்று, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். வெர்னின் படகு உச்சியில், நீலத் துணியில் ஒரு வெள்ளை வாள்மீன் நேற்று மதியத்திலிருந்து காற்றில் துள்ளிக்கொண்டிருந்தது. ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் எந்த மீனைப் பிடிக்கிறார்களோ அதன் கொடியைப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வருவார்கள். சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். வெர்ன் இறக்கவில்லை. காலையில் பல் துலக்கும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டேதான் துலக்கினான்.

"நான்தான் மேடம்."

"எப்பப் பிடிச்சீங்க?"

"நேத்துக் காலையில. ஆயிரத்தெழுநூறு அடி ஆழத்துல. ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். தோள்பட்டை இன்னும் வீங்கிக் கிடக்கு."

"சந்தோஷம். நம்பரைச் சொல்லுங்க."

"எந்த நம்பர்?"

துறையில் நின்றிருந்த மற்றப் படகுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களே ஆனாலும், வாள்மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு நம்பர் தருவார்கள். இது தெரியாதவன் அந்தத் துறையில் பெலிக்கன் பறவை மட்டும்தான்.

"சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே மேடம்," என்றான் வெர்ன். அது சத்தியமான உண்மை.

"இப்ப மணி மூணு. கெடு முடிஞ்சு போச்சு. வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம்னு ஒரு அளவு வெச்சிருக்கோம். ஆளாளுக்கு மறைச்சா அந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது? அபராதம் உண்டு. சீசன் முடியுற வரைக்கும் உங்க பெர்மிட்டும் கிடையாது. மீன் எங்க?"

"தின்னாச்சு."

"யாரு?"

எட்டுப் பேர் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"தலையாவது இருக்கா?"

"சுறாவுக்குப் போட்டாச்சு."

நேற்று எல்லோரும் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்த் திரும்பியபோது கொடி பறந்துகொண்டிருந்தது. வெர்ன் அடுப்பின் முன்னால் நின்று, வாள்மீனைத் துண்டு துண்டாக வாட்டி, கேட்டவன் தட்டிலும் கேட்காதவன் தட்டிலும் போட்டுக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக ஐஸைக் கடலுக்குக் கொண்டுபோய் ஐஸாகவே திரும்பக் கொண்டுவந்து, 'ஐஸ் வண்டி' என்று பேர் வாங்கியவன். நேற்றோடு அந்தப் பேர் ஒழிந்தது. டீசல் போடுகிறவன்கூட இன்று காலையில் அவனை 'கேப்டன்' என்று கூப்பிட்டான்.

மைத்துனன் ரெனே அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"மச்சான், நான் சொல்றதைக் கேளு. கடையில வாங்கினேன்னு சொல்லிடு."

"என்னது?"

"ஹோம்ஸ்டெட் டவுன்ல வாங்கினேன், சும்மா பந்தாவுக்குக் கொடி ஏத்தினேன்னு சொல்லு. துணியைக் கட்டினதுக்கெல்லாம் அபராதம் கிடையாது. இல்லேன்னா சீசன் பூரா படகைக் கட்டிப் போட்டுட்டு எங்கக்கா மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே. யோசிச்சுக்கோ."

வெர்ன் யோசித்தான். முகம் சிவந்தது. பிறகு எல்லோர் காதிலும் விழும்படியே பேசினான்.

"என்ன பேச்சு பேசுறே ரெனே? வாள்மீன் பிடிச்சவன் அதைக் கடை மீன்னு சொல்லணுமா? நாளைக்கு இவனுங்க மூஞ்சில எப்படிடா முழிக்கிறது? பெர்மிட் போனாப் போகுது."

"லூசாடா நீ?"

கார்வர் மேடமே கொஞ்சம் இறங்கி வந்தார். "நிஜமாவே கடையில வாங்கினதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பில்லைக் காட்டினாப் போதும், நான் கிளம்பிடுவேன்."

"கடல் பில்லு குடுக்குமா மேடம்?"

துறை சிரித்தது. மேடம் பேனாவைத் திறந்தார்.

"நீளம்?"

"அறுபத்திரண்டு அங்குலம்."

"நேத்து அம்பத்தஞ்சுன்னு சொன்னே," என்றான் ரெனே.

"நேத்துப் பசியில அளந்தேன்."

நாற்பத்தேழுக்கு மேல் எத்தனை இருந்தாலும் சட்டத்துக்குச் சம்மதம் என்பதால் மேடம் அறுபத்திரண்டையே எழுதிக்கொண்டார். அபராதச் சீட்டில் வெர்ன் போட்ட அவ்வளவு பெரிய கையெழுத்தைக் கல்யாணப் பதிவேட்டில்கூடப் போட்டதில்லை.

"இன்னொரு நகல் கிடைக்குமா மேடம்? ஃப்ரேம் போடணும்."

கார்வர் மேடம் பேனாவை மூடினார். "இருபது வருஷ சர்வீஸ்ல என்கிட்ட பொய் சொல்லித் தப்பிச்சவங்கதான் அதிகம். வழியைக் காட்டியும் பொய் சொல்ல மாட்டேன்னு நின்ன ஒரே ஆள் நீங்கதான் கேப்டன்."

கை குலுக்கிவிட்டு, பெர்மிட்டையும் வாங்கிக்கொண்டு போனார். யாரோ கை தட்டினார்கள். ரெனே "கௌரவம் பிடிச்ச கழுதை" என்று திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெர்ன் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுப் படகின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். பர்ஸிலிருந்து ஹோம்ஸ்டெட் மீன்கடை பில்லை எடுத்து, பொடிப்பொடியாகக் கிழித்து, வாயில் போட்டு மென்று விழுங்கினான். போன வாரமே ஏதோ ஒரு வியாபாரப் படகின் கணக்கில் செத்துப்போயிருந்த அந்த மீன், சர்க்கார் புத்தகத்தில் அன்றைக்கு இரண்டாவது தடவையாகச் செத்தது.