மூச்சைப் பிடிக்காத ஆள்

பழைய ஸ்கேன் மெஷின் அன்று காலை கண்ணைத் திறக்கவே இல்லை.

டாக்டர் போக்குவா அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். ம்ஹூம். கானா நாட்டின் குமாசிக்குச் சிறுநீரக மருத்துவம் படிக்க வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் முதலில் போட்டுக் காட்டும் அசையும் படம் அதற்குள்தான் இருந்தது.

ஓர் இடது சிறுநீரகம். வெளி ஓரத்தில் ஒட்டகத் திமில் மாதிரி சின்ன மேடு. கொஞ்ச நேரம் சமர்த்தாக நிற்கும். பிறகு குலுங்கி ஓடிவிடும்.

"போனா போகுது மேடம்," என்றான் மூத்த மாணவன் ஃபீஃபி, உள்ளங்கையில் அடங்கும் புது மெஷினைத் துடைத்துக்கொண்டே. "மூச்சைப் பிடின்னா பிடிக்கத் தெரியாத ஆளு. பாத்துப் பாத்து எங்களுக்கே தலை சுத்திப்போச்சு."

அந்த ஆள் க்வாமெனா. அவளோடு படித்தவன், பிறகு அவள் கணவன்.

அப்போதெல்லாம் ஸ்கேன் பசை கிடைக்காது. மரவள்ளி மாவைக் காய்ச்சி, ஒருவர் மேல் ஒருவர் தடவிப் பழகுவார்கள். அவள் அவன் விலாவில் அப்பியதும் கேட்டான்:

"பாங்குக் களி கிண்டியாச்சு. மீன் எங்கடி?"

கேட்டுவிட்டுத் தானே சிரித்துவிட்டான்.

அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு மிஞ்சியிருந்தது அந்தக் குலுங்கலில்தான். பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்று அவள் மெஷினின் ஸ்விட்சை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

பயிற்சிக்குப் படுக்க வேண்டியவரும் வரவில்லை. அவளே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"ம், தேடுங்க பாப்போம்."

ஃபீஃபி இரண்டு விலாவிலும் தேடினான். கிடைத்தவை இரண்டும் சுருங்கி வற்றிப்போனவை. இவற்றை வைத்துக்கொண்டு யாரும் உயிரோடு நடமாட முடியாது. அவன் மறுபடி முதல் விலாவுக்கே போனான்.

போக்குவா அவன் கையைப் பிடித்து வலது அடிவயிற்றில் இருந்த பழைய அறுவைத் தழும்புக்கு நகர்த்தினாள். இத்தனை வருஷத்தில் எந்த மாணவனுக்கும் அவள் காட்டாத இடம்.

திரையில் கொழுகொழுவென்று ஒரு சிறுநீரகம். வெளி ஓரத்தில் திமில்.

ஃபீஃபி செத்துக் கிடந்த மெஷினைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

சில்லென்ற பசை வயிற்றில் வழிந்தது. அவளுக்கு மீன் ஞாபகம் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

திரையில் திமில் குலுங்கி ஓடியது.

மூச்சைப் பிடிக்கச் சொல்ல ஃபீஃபிக்கு வாய் வரவில்லை.