திங்கட்கிழமை நடை

"மாடியில மாட்டைக் கட்டி வச்சிருக்கீகளா வாத்தியாரே?"

மூச்சு வாங்கப் படியேறி வந்து கேட்டார் நாச்சியம்மை ஆச்சி. செக்காலை ரோட்டில் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவர் மாயக்கண்ணன். டுடோரியல் காலேஜில், எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஆனால் மனிதர் நடந்தால் கீழே கூடத்தில் காரை உதிர்கிறது.

"பாடம் தயார் பண்றேன் ஆச்சி. 'ட்ரட்ஜ்'னு ஒரு வார்த்தை. களைச்சுப்போயி, காலைத் தூக்க மாட்டாம, கனமா நடக்குறது. நடந்து காட்டினாத்தான் விளங்கும்."

"எங்க, காட்டுங்க."

தொம்... தொம்... தொம்...

"இந்த வார்த்தையை எங்க எழுதுவீக?"

"வயல் சேத்துல நடக்குற சம்சாரி, மூட்டை சுமக்குறவரு, கடைசி பஸ்ஸை விட்டுட்டுப் பள்ளத்தூருக்கு நடக்குறவரு... எல்லாருக்கும் எழுதலாம் ஆச்சி."

"அவுகள்லாம் திங்கக்கிழமை சாயங்காலம் மட்டுந்தான் நடப்பாகளோ?"

மாயக்கண்ணன் அகராதியை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.

"இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கங்க."

"விடு நாச்சி!" கீழேயிருந்து ஆச்சியின் கணவர் முத்தப்பன் செட்டியார் குரல் கொடுத்தார். "வெள்ளைக்காரன் பாஷை, மிதிச்சாத்தான் வரும்!"

"நீங்க சும்மா இருங்க!"

செட்டியார் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். வேறு வழி?

விஷயம் இதுதான். திங்கட்கிழமை கணவன் மனைவி இருவருக்கும் விரதம். ஆச்சி கோயிலுக்குக் கிளம்பியதும் செட்டியார் தேன்குழல் டின்னைத் திறப்பார். ஆச்சி திரும்பி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, டின்னை மூடச் சொல்லித் தரையை மிதிப்பது வாத்தியார் வேலை.

உண்மையைச் சொன்னால் அறை மிஞ்சும். செட்டியார் மானம் மிஞ்சாது. கல்யாணமாகாதவனுக்கு இந்த ஊரில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்? ஆனாலும் நம்பிய மனிதரைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை.

"சரி ஆச்சி. காலி பண்ணிடுறேன்."

ஆச்சி அவரையே பார்த்தார். பிறகு படிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"காட்டிக் குடுக்க மாட்டேங்கிறீகளே! நல்ல மனுசந்தான், இங்கயே இருங்க. விரதத்தை நான் ரெண்டு பேருக்கும் சேத்து இருந்துக்கிறேன். ஆனா அடுத்த வாரத்துலருந்து நான் தெருமுனை திரும்பையிலேயே மிதிச்சிருங்க. வாசலுக்கு வந்தப்பறம் மிதிச்சா, அவுக அவசரத்துல முழுங்கி விக்கிப்போறாக!"