எண்பதைத் தாண்டினால் ஆடும் வண்டி

கிளான்கரி ஊர் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை நடுப்பகல் வெயிலில் சடசடக்கிறது. "எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் கையைப் பிடுங்குதுண்ணே" என்கிறான் டாரல், பியர் டின்னை உறிஞ்சியபடி. அவன் அண்ணன் மெர்வின் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கிறான், தளர்வில்லை. சுழற்றிவிடுகிறான். சக்கரம் கோணிக்கொண்டு சுற்றுகிறது. கழற்றிப் புரட்டினால் உள்விளிம்பு நசுங்கிக் கிடக்கிறது. "எதுலடா மோதினே?" "கங்காருண்ணே. நேத்து சாயங்காலம் குறுக்க பாஞ்சிடுச்சு." மெர்வின் நசுங்கலில் கட்டைவிரலை ஓட்டுகிறான். ரத்தமும் இல்லை, மயிரும் இல்லை. நகத்தோடு பச்சைப் பெயிண்ட் உரிந்து வருகிறது. டாரலை விட்டுப் போன அவன் மனைவி லொரெய்னின் புது வீட்டுப் படிக்கு, போன மாதம் மெர்வினே அடித்துக் கொடுத்த பச்சை. "உன் கங்காரு பெயிண்ட் பூசிக்கிட்டா திரியுது?" டாரல் சிரிக்கப் பார்க்கிறான். முடியவில்லை. "பயமுறுத்தத்தான்ணே படியில ஏத்தினேன். உள்ள ஓடிட்டா. ஒண்ணும் ஆகல." "உம் பிள்ளை அப்ப எங்கடா இருந்துச்சு?" டாரலின் கண் தரைக்குப் போகிறது. "சக்கரத்தை மாட்டுண்ணே. அவகிட்ட பேசணும், நான் போறேன்." மெர்வின் சம்மட்டியை எடுக்கிறான். டாரல் இரு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டுகிறான். அடி ஜாக்கியின்மேல் விழுகிறது. சக்கரமில்லாத வண்டி தரையில் மோதிச் சரிய, முன்விளக்குக் கண்ணாடி இருவர் காலடியிலும் சிதறுகிறது, கூரையெல்லாம் அதிர்கிறது. "நடந்தே போ" என்கிறான் மெர்வின், சம்மட்டியைக் கீழே வைக்காமல். "உனக்கு முன்னால நான் அங்க இருப்பேன்."