முழுக்கைச் சட்டை

வலி ஊசிக்கு அடிமையாகிப்போன கபடி வீரன் மாசிலாமணி, தொண்ணூறு நாள் கழித்து மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்தான். கைத்தழும்புகள் தெரியாமலிருக்க மனைவி சுகந்தி முழுக்கைச் சட்டை வாங்கிவந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் தானே போட்டுவிட்டாள். வாசலில் பயிற்சியாளர் மாலையோடு நின்றார். மறு கையில் பழைய மருந்துப் பை.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கியேடா," என்று சிரித்தார். "நாளைக்கு அரையிறுதி. ஒரே ஒரு ஊசி. அப்புறமும் நான் கேட்டா செருப்பால அடி."

"முதல் ஊசிக்கும் இதையேதான் சொன்னீங்க சார்," என்ற சுகந்தி, கணவன் பக்கம் திரும்பினாள். "வேணாம்னு உங்க வாயால சொல்லுங்க."

மாசிலாமணி மாலைக்குத் தலை குனிந்தான். அவன் விரல்கள் அவள் போட்ட பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தன.