சவரப் பெட்டிக்குள் ஒரு சாவி

பகல் பதினொரு மணிக்கு, தையல்காரி வீட்டு வாசலில் தொங்கிய பூட்டுக்குள் சூப்பர்வைசரின் மனைவி ஒரு சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். சாவி உள்ளே போய் லொடலொடவென்று ஆடியதே தவிர, எதையும் பிடிக்கவில்லை. கடைக்குப் போயிருந்த தையல்காரி, கையில் நூல்கண்டோடு பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவும் இல்லை.

"வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கப் போறீங்களா? தாராளமாச் செய்ங்க. துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

"உன் வீட்டுச் சாவி எங்க வீட்டுக்காரர் சவரப் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு? அதுவும் பேப்பர்ல சுத்தி, அடியில?"

"திறக்காத சாவி எப்படிங்க என் வீட்டுச் சாவியாகும்?" தையல்காரி தன்னுடையதைக் காட்டினாள். அது விரல் நீளம் இருந்தது. இது அதில் பாதிகூட இல்லை. "உங்க வீட்டுக்காரர் போன வருஷம் பேண்ட் துணி குடுத்தார். அளவு குடுக்க இன்னும் வரல. இவ்வளவு சுறுசுறுப்புல ரெண்டாவது வீடு வேற வச்சுப் பார்ப்பாரா?"

எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்த நான்கு தலைகளும் ஏமாற்றத்தோடு உள்ளே போயின.

சூப்பர்வைசர் மனைவியின் சந்தேகம் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. மூன்று வாரமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை. மைத்துனன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் ஷிஃப்ட் என்பார்.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்கு ஒரு பெயரும் சொன்னார்கள். தனியாக இருப்பதால், பாவம், தையல்காரிக்கு முதலிடம் கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சூப்பர்வைசர் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவனும் அக்காவின் கணவர் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலைதான். மாமா வாங்கிக் கொடுத்த வேலை, மாமாவின் கீழேயே, பெயிண்ட் அடிக்கும் பிரிவில்.

அங்கே காற்றழுத்தத்தில் ஓடும் பம்ப் ஒன்று உண்டு. அது பீய்ச்சும் பெயிண்ட் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அவன் கையில் பட்டது ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான். அதற்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"நாளைக்கு விசாரணை அக்கா," என்றான். "பூட்டாம வேலை பார்த்தேன்னு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க."

"நீ பூட்டினியா, இல்லியா? என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? காத்து வால்வை மூடி, யாரும் திறந்துடக் கூடாதுன்னு என் பூட்டைப் போட்டேன். குழாய்ல மிச்சம் இருந்த அழுத்தத்தையும் வெளியே விட்டேன். அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்து பெயிண்ட் பீய்ச்சுற நாசிலைக் கழட்டித் துடைச்சேன். சரக்கு ஏத்த வண்டி வாசல்ல நிக்குது, சீக்கிரம் சீக்கிரம்னு மாமா வேற கத்திட்டிருந்தார். திடீர்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் பம்ப் ஓடுது. மத்தவங்க போய்ப் பார்த்தா என் பூட்டு திறந்து கீழே கெடக்காம்."

"வேற யாராவது திறந்திருந்தா?"

"முடியாது. அவனவன் பூட்டுக்கு அவனவன் சாவி. என்னுது இதோ, அன்னைக்கும் கழுத்துலதான் இருந்துச்சு. பூட்டோட வர்ற இன்னொரு சாவியை முதல் நாளே உடைச்சிடணும். அதான் ரூல்."

"அப்ப நீதான் மறந்திருப்பே. உங்க மாமாவே வால்வுல பூட்டைப் பார்க்கலன்னுதானே எழுதிக் குடுத்திருக்கார். சொந்தக்காரன்னு பொய்யா எழுத முடியும்?"

தம்பி கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டான். அவளுக்கே கஷ்டமாகிவிட்டது, பேச்சை மாற்ற, காலையில் தையல்காரி வாசலில் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவன் சிரித்தான். "மாமாவா? அவருக்குக் குடும்பம் நடத்த நீ ஒருத்தியே அதிகம். எங்கே, அந்தக் காதல் சின்னத்தைக் காட்டு."

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, அலமாரியில என் பை இருக்கு. அதுல பூட்டு இருக்கும், எடு."

விபத்தன்று கூட வேலை செய்பவர் யாரோ அவன் சட்டையோடும் டிபன் பாக்ஸோடும் சேர்த்துப் போட்டுக் கொடுத்த சிவப்புப் பூட்டு. ஏழு என்று எண் போட்டிருந்தது.

"அழுத்திப் பூட்டு. இப்ப இந்தச் சாவியைப் போடு."

போட்டாள். தையல்காரி வீட்டில் லொடலொடத்த சாவி இங்கே சத்தமில்லாமல் திரும்பியது. பூட்டு வாயைத் திறந்தது.

"இன்னொரு சாவியை எல்லார்கிட்டயும் வாங்கினவர் மாமாதான்," என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடி. "உடைச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டதும் அவர்தான்."

அவள் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேரியர் திறக்கப்படாமலே ஆறியது. பிறகு தம்பியிடம் சொன்னாள்.

"இது அந்தத் தையல்காரி வீட்டுச் சாவியாவே இருந்திருக்கலாம்டா."