சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

நாலு வருஷம் உலகமெல்லாம் சுற்றிவிட்டு, பழனிச்சாமியின் குடும்பம் பீளமேட்டில் தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. யார் வந்தாலும் கேட்பதுபோலக் கதவு கேட்டது: "எதுக்குங்க வந்தீங்க?"

அவர் மனைவி பூங்கொடி பழக்கதோஷத்தில் மூன்று பாஸ்போர்ட்டையும் நீட்டி, "சுத்திப் பாக்கத்தானுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"முப்பது நாள் தங்கலாமுங்க. வேலை செய்ய அனுமதி இல்லீங்க" என்று கதவு திறந்தது.

மறுநாள் காலையில் பூங்கொடி திருகத் திருக அடுப்பு பற்றவில்லை. துடைப்பம் இருந்த அலமாரியும் திறக்கவில்லை. முன்பெல்லாம் "பாத்திரம் கிடக்குதுங்க, துணி கிடக்குதுங்க" என்று அவளை விரட்டிய அதே வீடு, இப்போது தானே பணியாரம் சுட்டது. தானே பாத்திரம் கழுவியது. மாலையில் மொட்டைமாடியைச் சுற்றிக் காட்டியது. மகள் ஹாலில் நின்று செல்ஃபி எடுத்தாள்.

பழனிச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "சொந்த வூட்டுல நான் விருந்தாளியா? மாத்தி எழுது!" என்று குதித்தார். கெடு முடியாமல் மாற்ற முடியாது என்றது வீடு.

முப்பத்தோராம் நாள் காலையில் மூவரையும் பெட்டியோடு மரியாதையாக வெளியே விட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பிறகு கேட்டது: "எதுக்குங்க வந்தீங்க?"

பழனிச்சாமி நெஞ்சை நிமிர்த்தி, "இது எங்க சொந்த..." என்று ஆரம்பித்தார். பூங்கொடி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"சுத்திப் பாக்கத்தானுங்க," என்றாள் கதவிடம். "போன தடவை பாதி ரூம் பாக்காமயே கெளம்பிட்டமுங்க."